வளர்ந்தது குற்றமல்ல, வழிமறித்ததே குற்றம்!

ஊருக்கு ஒரே பாதை. பாதை ஒருவனுக்குச் சொந்தம். பாதையோரத்தில் கடையும் அவனே வைத்திருக்கிறான். வருகிற வண்டிக்காரனை நிறுத்தி, "அடுத்த கடைச் சரக்கை ஏற்றினாயா? இனி என் பாதையில் உன் வண்டி ஓடாது!" என்று மிரட்டுகிறான். இதற்குப் பெயர் வியாபாரத் திறமையா, வழிமறிப்பா?

தோழர்களே! இந்தக் கேள்விதான் 1998 மே 18-ஆம் நாள் வாஷிங்டன் நகர நீதிமன்றத்தில் வழக்காக எழுந்தது. தொடுத்தது, அமெரிக்க அரசின் நீதி இலாகாவும் பல மாநிலங்களும். எதிர்த்து நின்றது, மைக்ரோசாப்ட்!

கணிப்பொறி வெறும் பெட்டி. அதை இயக்கி வைப்பது இயங்குதளம். அந்நாளில் இன்டெல் வகைக் கணிப்பொறிகளில் 100-க்கு 90-க்கும் மேல் மைக்ரோசாப்டின் விண்டோஸ்தான். அதுவே பாதை. இணையத்தைப் பார்க்க உதவும் உலாவியைச் செய்து முன்னேறியது நெட்ஸ்கேப் நிறுவனம். அதுவே அடுத்த கடை. காம்பாக் என்ற கணிப்பொறிக் கம்பெனி, மைக்ரோசாப்ட் உலாவியின் சின்னத்தைத் திரையிலிருந்து எடுத்துவிட்டது. விண்டோஸ் உரிமமே ரத்தாகும் என்று 1996-ல் மிரட்டல் வந்தது. காம்பாக் பணிந்தது, சின்னம் திரும்பியது. அதுதான் வண்டிக்காரன் கதை!

"உழைத்தான், உயர்ந்தான், உயர்ந்தவனை அரசு உதைப்பதா?" என்று கேட்கின்றனர் சிலர். "உலாவியை இலவசமாகத்தானே தந்தான், யாருக்கு நட்டம்?" என்கின்றனர் வேறு சிலர்.

உயர்ந்ததற்காக எவரும் உதைக்கவில்லை! 1890-ல் பிறந்த ஷெர்மன் சட்டம், திறமையால் பெரியவனானவனைத் தண்டிப்பதில்லை. பிறர் வரும் வழியை அடைப்பவனையே பிடிக்கிறது. இலவசமா? எதிர்க்கடை சாய்ந்தபின் நடந்ததைப் பாருங்கள். மைக்ரோசாப்ட் உலாவியின் 6-ஆம் பதிப்பு 2001-ல் வந்தது; 7-ஆம் பதிப்பு வந்ததோ 2006-ல்! போட்டியில்லாத இடத்தில் அவன் தருவதே சரக்கு, அவன் தரும்போதே தரம். இதுதான் இலவசத்துக்கு மக்கள் கொடுத்த விலை.

வழக்கு என்னவாயிற்று? 2000 ஜூன் 7-ல் நீதிபதி ஜாக்சன், நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்க ஆணையிட்டார். 2001 ஜூன் 28-ல் மேல்நீதிமன்றம் அந்த ஆணையைத் தள்ளிற்று. ஆனால், ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது உண்மையே என்று உறுதி செய்தது. பின்னர் சமரசம், 2002 நவம்பரில் நீதிமன்றத்தின் ஒப்புதல். பிரிவினை இல்லை, கட்டுப்பாடுகள் மட்டும். நெட்ஸ்கேப்போ, 1999-லேயே வேறொரு கம்பெனியின் கைக்குப் போய்விட்டது! கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம் என்பது இதைத்தானே!

பாடம் படித்தார்களா? கூகிள் தேடுபொறி மீது 2020-ல் வழக்கு. அது ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்தது என்ற தீர்ப்பு வந்தது 2024 ஆகஸ்டில். நான்கு ஆண்டுகள்!

அரசு தலையிட்டது தவறு என்று நாம் சொல்லமாட்டோம். தாமதமாகத் தலையிட்டதே தவறு என்கிறோம். பெரியவன் பல ஆண்டு வழக்காடுவான், தாங்குவான்; சின்னவன் அதற்குள் கடையைக் கட்டிவிடுவான். வெள்ளம் வருமுன் அணை வேண்டும்! பாதை பொதுவாகட்டும், பிறகு, யார் திறமை பெரிது என்று பார்ப்போம்!