பெயர் பிந்தி வந்த பறவை

டோடோவுக்கு இரங்கியவர்கள் ஏராளம். மொரீஷியஸ் தீவில் அதைக் கண்டவர்கள் எழுதினார்கள், வரைந்தார்கள். ஹவாய்த் தீவுகளின் மோவா-நாலோவுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. மணல்மேடுகளிலும் குகைகளிலும் கிடைத்த, முற்றிலும் கல்லாகிவிடாத எலும்புகளே அதற்கான சான்று.

வாத்தின் வழிவந்து, வான்கோழிக்கு நிகராகப் பருத்து, பறத்தலை மறந்துபோன பறவைகள் இவை. வௌவாலைத் தவிர நிலவாழ் பாலூட்டி இல்லாத தீவுகளில் ஆடுமாடுகளின் இடத்தை இவையே எடுத்துக்கொண்டன. கவாய்த் தீவில் வாழ்ந்த இனத்தின் அலகு ஆமையின் தாடையை ஒத்தது. உறைந்த எச்சங்களில் பெரணியின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அங்குள்ள சயானியாச் செடிகள் சிலவற்றின் இளம் பருவத்தில் மட்டும் முட்கள் தோன்றி, உயர்ந்தபின் மறைந்துவிடுகின்றன. அவை இந்த அலகுக்கு அஞ்சி எழுந்தவை என்பது தாவரவியலாளர் சிலரின் ஊகம். ஊகம்தான் எனினும் நம்மை மிகவும் கவர்ந்தது இதுவே.

முதல் இனத்துக்கு 1976இல் ஸ்டோர்ஸ் ஓல்சனும் அலெக்சாண்டர் வெட்மோரும் அறிவியல் பெயரிட்டனர். 1991இல் ஓல்சனும் ஹெலன் ஜேம்ஸும் மேலும் மூன்றை விவரித்தபோதுதான் பொதுப்பெயர் பிறந்தது. ஹவாய் மொழியில் மோவா என்றால் கோழி. நாலோ என்றால் தொலைந்தது. ஆகவே இது மூதாதையர் நினைவில் காத்துவந்த சொல் அன்று, ஆய்வாளர் ஆக்கிய சொல். இதைத் தொல்குடியின் புலம்பலாக வாசிக்கும் சபலம் நமக்கும் எழுந்தது, அது பொய்யாகிவிடும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாலினேசியர் வந்து குடியேறினர். பன்றியும் நாயும் எலியும் உடன்வந்தன. 1778இல் குக் வந்திறங்கியபோது இப்பறவைகள் மறைந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. இதைக் காட்டி, பின்வந்த வெள்ளையரின் அழிவுகளைச் சிறிதாக்க முனைவது மலிவான வாதம். ஹவாயின் காட்டுப் பறவைகள் பல அவர்கள் காலத்திலேயே மறைந்தன. ஆனால் தொல்குடிகள் இயற்கைக்கு ஊறே செய்யாதவர்கள் என்று எழுதிச் செல்லும் கனிவையும் நம்மால் ஏற்க இயலவில்லை. பசித்து, வேட்டையாடி, விளைவறியாது தவறும் மனிதர்களை ஓவியத்துப் பொம்மைகளாக்கும் கனிவு அது.

சயானியாச் செடிகளிலும் பல இனங்கள் இன்று அருகிவிட்டன. இப்போது அவற்றை மேய்பவை ஆடுகளும் பன்றிகளும்.