ரோசா பார்க்ஸின் 661 டாலர்

ஃபுளோரிடா மாநிலப் பள்ளிகளுக்காக ஒரு பதிப்பகம் ரோசா பார்க்ஸ் பாடத்தைத் திருத்தி எழுதிய விதம் 2023-இல் வெளியே வந்தது. பேருந்தில் வெள்ளையர் உட்கார விரும்பினால் கறுப்பினத்தவர் எழுந்துவிட வேண்டும் என்று சட்டம் இருந்ததைப் பழைய பாடம் சொன்னது. முதல் திருத்தத்தில் சட்டம் போய், தோல் நிறம் மட்டும் மிஞ்சியது. இரண்டாம் திருத்தத்தில் நிறமும் போனது. பார்க்ஸை வேறு இருக்கைக்குப் போகச் சொன்னார்களாம். ஏன் சொன்னார்கள் என்பது குழந்தைக்குத் தெரிய வேண்டாமாம். இனம் பற்றிய பாடங்களைக் கட்டுப்படுத்தி 2022-இல் அந்த மாநிலம் போட்ட சட்டத்துக்குப் பயந்து செய்த வேலை இது. பதிப்பகம் தேவைக்கு மேல் போய்விட்டது என்று கல்வித் துறை கைகழுவிவிட்டது. அச்சுறுத்தும் சட்டத்தைப் போட்டுவிட்டு, அஞ்சியவர்மீது பழி போடுவது என்ன நியாயம்? 2025 மார்ச்சில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் வரலாற்றைச் சொல்லும் விதத்தைக் குறிவைத்து அதிபர் டிரம்ப் ஆணையிட்டபோது, ஒரு மாநிலத்தின் நோய் நாடு முழுவதற்கும் பரவிவிட்டது.

இந்த அழிப்பு வேலை ஃபுளோரிடாவில் தொடங்கியதல்ல. நாள் முழுக்க வேலை பார்த்துக் கால் ஓய்ந்த ஒரு தையல்காரப் பெண்மணி, அசதியில் எழுந்திருக்க மறுத்தார் என்றுதான் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். உடல் அசதி காரணமல்ல என்று அவரே தன்வரலாற்றில் மறுத்த பிறகும் சொல்கிறார்கள்.

1955 டிசம்பர் 1 மாலை, அலபாமா மாநிலத்தின் மான்ட்கமரி நகரப் பேருந்தில் நின்றுகொண்டிருந்தது ஒரே ஒரு வெள்ளைக்காரர். அவருக்காக ஒரு வரிசையில் இருந்த நான்கு கறுப்பினத்தவரும் எழ வேண்டும். மூவர் எழுந்தார்கள். பார்க்ஸ் பக்கத்தில் இருந்தவருக்கு வழிவிட்டு, தான் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். ஓட்டுநர் ஜேம்ஸ் பிளேக், 1943-இல் அவரைப் பேருந்திலிருந்து இறக்கிவிட்ட அதே ஆள். அந்த 1943 முதலே பார்க்ஸ், கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் நகரக் கிளையில் செயலாளர். ரீசி டெய்லர் என்ற பெண்ணை வெள்ளையர் கும்பல் வன்புணர்ந்த வழக்கை 1944-இல் நேரில் போய் விசாரித்தவர். வாக்காளராகப் பதிவு செய்யப் பலமுறை முயன்று, 1945-இல் பழைய பாக்கியெல்லாம் சேர்த்து 16.50 டாலர் வாக்கு வரி கட்டியவர். 42 வயதில் கைதானவர் தேர்ந்த களப்பணியாளர்.

அதன் பிறகு அவருக்கு என்ன நடந்தது? பாடநூல் எழுதுபவர்கள் யாரும் தொடாத பக்கம் இதுதான். அவருடைய கைதையடுத்து நடந்த 381 நாள் பேருந்துப் புறக்கணிப்பை எல்லாரும் எழுதுகிறார்கள். அந்த 381 நாட்களுக்குள் அவருக்குப் பல்பொருள் அங்காடித் தையல் வேலை போனது. கணவர் ரேமண்டுக்கும் முடிதிருத்தும் வேலை போனது. கொலை மிரட்டல்கள் ஓயவில்லை. 1957-இல் டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கும் தையல் வேலை, வயிற்றுப்புண், மருத்துவமனைக் கடன். 1955-இல் கணவன் மனைவி இருவரின் ஆண்டு வருமானம் 3,749 டாலர். 1959-இல் 661 டாலர். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை! நாடு கொண்டாடிய பெண்ணுக்கு நாடு கொடுத்த சம்பளம் அது. ஜான் கானியர்ஸ் 1965-இல் தன் நாடாளுமன்ற அலுவலகத்தில் வேலை கொடுத்த பிறகுதான் அந்தக் குடும்பம் மூச்சுவிட்டது. எழுந்திருக்க மறுத்ததற்கு அவர் கட்டிய உண்மையான அபராதம், நீதிமன்றம் விதித்த 14 டாலர் அல்ல. கிட்டத்தட்ட 10 ஆண்டு வறுமை.

இதையெல்லாம் படித்தால் பிள்ளைகள் மனம் புண்படும் என்கிறார்கள் பாடத்தை வெட்டுபவர்கள். கிளாடெட் கால்வின் அதே மான்ட்கமரியில், 1955 மார்ச்சில் பேருந்து இருக்கையை விட மறுத்தபோது வயது 15. விலங்கு மாட்டி இழுத்துப்போனார்கள். பேருந்துப் பிரிவினையை உச்ச நீதிமன்றம் வரை போய் முறியடித்த வழக்கில் மனுதாரர்களாக நின்ற நான்கு பெண்களில் அந்தச் சிறுமியும் ஒருத்தி. அவள் பட்டதைப் படிக்கக்கூட இன்றைய மாணவனுக்குத் தெம்பில்லை என்பது பிள்ளைகள்மீதுள்ள அக்கறையே அல்ல. பெரியவர்கள் தங்கள் தாத்தாக்களைக் காப்பாற்றப் பிள்ளைகளைக் கேடயமாகப் பிடிக்கிறார்கள்.

2013 பிப்ரவரி 27 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தில் பார்க்ஸின் சிலையைத் திறந்தார்கள். அதே நாள், எதிரே உள்ள உச்ச நீதிமன்றத்தில் வாக்குரிமைச் சட்டத்தை எதிர்த்து ஷெல்பி கவுன்டி தொடுத்த வழக்கின் வாதம் நடந்தது. ஷெல்பி கவுன்டி இருப்பது பார்க்ஸ் வாக்கு வரி கட்டிய அதே அலபாமாவில். ஜூனில் அந்தச் சட்டத்தின் முதுகெலும்பை நீதிமன்றம் முறித்தது. சிலை வைப்பவர்களும் சட்டத்தை முறிப்பவர்களும் பாடத்தை வெட்டுபவர்களும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள் என்று நான் சொல்வேன்.

பாடநூல்காரர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். ரோசா பார்க்ஸ் படத்துக்குக் கீழே அவருடைய 1959-ஆம் ஆண்டு வருமானத்தை அச்சிடுங்கள். அதற்குத் துணிவில்லையென்றால் படத்தையும் எடுத்துவிடுங்கள்.