கழுவாயும் ஈடுசெய்தலும்

செய்த பாவத்தினின்றும் நீங்கும் வழி யாது என்னும் வினா, மனிதன் தன்னைத்தான் ஆராயத் தொடங்கிய நாள்தொட்டு அவனை விடாது தொடர்ந்து வருகின்றது. இதற்குக் கிறிஸ்து மதம் கூறும் விடை சிலுவைப் பலியே. அவ்விடையை யாம் முழு மனத்தோடும் ஏற்கின்றோம். ஆயின், ‘கிறிஸ்து எல்லாக் கடனையும் தீர்த்தார், இனி யான் செய்யக்கடவது யாதுமில்லை’ என்று அதனைத் தம் குற்றத்திற்கு அரணாகக் கொள்வாரும் நம்மிடையே உளர். அவர் கொள்கை வேதத்தோடு பொருந்தாது என்பதே ஈண்டு யாம் கூறப் புகுந்தது.

லேவியராகமம் 16 ஆம் அதிகாரத்தை நோக்குவோம். ஆண்டிற்கு ஒருமுறை பிரதான ஆசாரியன் மகா பரிசுத்த ஸ்தலத்துட் புகுவான். இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களைக் குறித்துச் சீட்டுப் போடப்படும். ஒன்றன் இரத்தம் கிருபாசனத்தின்மேல் தெளிக்கப்படும். மற்றொன்றின் தலைமேல் இரு கைகளையும் வைத்து, இஸ்ரவேலரின் பாவங்களையெல்லாம் அறிக்கையிட்டு, அதனைப் போக்காடாக வனாந்தரத்திற்கு அனுப்புவான். ஆண்டுதோறும் இது திரும்பத் திரும்ப நிகழ்ந்தமையே இதன் குறையைக் காட்டும் என்றும், கிறிஸ்துவோ தம்மைத்தாமே ஒரேதரம் பலியாக ஒப்புவித்தார் என்றும் எபிரெயர் நிருபம் விளக்குகின்றது.

இத்துணையும் யாவரும் அறிந்ததே. அந்நூலின் 6 ஆம் அதிகாரத்தையோ நம்மிற் பலர் ஊன்றிப் படிப்பதில்லை. பிறன் பொருளை வஞ்சித்துக் கொண்டவன், அம்முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவனுக்குக் கொடுத்து, ஆட்டுக்கடாவைக் குற்றநிவாரண பலியாகவும் கொண்டுவருதல் வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஆடு மட்டும் போதாது. ஐந்தில் ஒரு பங்கும் வேண்டும்!

கி. பி. 70 இல் எருசலேம் தேவாலயம் உரோமரால் அழிவுற, பலிகள் ஒழிந்தன. அதன்பின் ஏறத்தாழ கி. பி. 200 இல் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் யூத நூலும், அயலானுக்குச் செய்த தீங்கைப் பாவநிவிர்த்தி நாள்தானும், அவன் மனத்தைத் தணிவித்தாலன்றி, நீக்காது என்று விதிக்கின்றது. காணிக்கையைப் பலிபீடத்தின்முன் வைத்துவிட்டு, முதலிற் சென்று சகோதரனோடு ஒப்புரவாகுமாறு நம் ஆண்டவரும் மலைப்பிரசங்கத்திற் போதித்தார்.

‘அங்ஙனமாயின் இரட்சிப்பை நம் செய்கையால் விலைக்கு வாங்குவதாகாதோ?’ எனின், ஆகாது. சகேயுவின் வரலாற்றைக் காண்க. நாலத்தனையாகத் திருப்பித் தருவேன் என்று அவன் சொன்ன பின்னர் இயேசு அவன் வீட்டை நாடவில்லை. அவர் அவனை நாடிவந்த பின்னரே அச்சொல் அவன் வாயிற் பிறந்தது. ஈடுசெய்தல் மன்னிப்பின் விலையன்று; அதன் கனி.

மாணவ நண்பர்களே, நம் வஞ்சனைகள் சிறியனவாகத் தோன்றலாம். இரவல் வாங்கித் திருப்பாத நூல், பரீட்சையிற் பிறனைப் பார்த்தெழுதிய விடை, விடுதியில் ஒரு தோழன் பெயருக்கு நாம் கற்பித்த மாசு, இவையே அவை. ஞாயிறன்று திருவிருந்தின்முன் கண்ணீரோடு முழந்தாளிடுதல் எளிது. சனியிரவில் அத்தோழனின் அறைக்கதவைத் தட்டுதலே அரிது.

கொடிய பாவங்களுக்கும் கழுவாய் உண்டு, நன்றி கொன்றார்க்கு மட்டும் உய்வில்லை என்னும் அறத்தைப் புறநானூற்றில் ஆலத்தூர் கிழார் எடுத்துரைக்கின்றார். சிலுவையின் அருளுக்கு எல்லை வகுக்க யாம் துணியோம். ஆயினும், அத்துணைப் பெரும்பலியின் பயனைப் பெற்றும், அயலானுக்குரிய சிறுகடனைத் தீர்க்க மறுப்பவனை நன்றி கொன்றவன் என்னாது வேறு யாதென்போம்?