சடாமுடிக்கு மருதாணி போடலாமா?

பீளமேட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் அவர் மகன் நாலு வருஷமாக முடி வெட்டாமல் 'டிரெட்லாக்ஸ்' வளர்த்து, இப்போது அது தோளைத் தாண்டிவிட்டதாம். ஆவணியில் அவன் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். "கெமிக்கல் கலர் வேண்டாம்மா, உன் தலைக்குப் போடற மருதாணியையே எனக்கும் போட்டுவிடு" என்கிறானாம். தாத்தா அவன் முகம் பார்த்துப் பேசுவதே இல்லை. "நான் மருதாணி போடறதா, பழனிக்குக் கூட்டிப்போய் மொட்டை போடறதா, நீங்களே சொல்லுங்க" என்று கேட்கிறார்.

மொட்டை உங்கள் வீட்டுப் பஞ்சாயத்து, அதற்குள் நான் வரவில்லை. தாத்தாவிடம் ஒன்று வேண்டுமானால் சொல்லிப் பாருங்கள். பேரூரில் நாம் கும்பிடுகிற சாமிக்கும் சடைதான். 1845-லிருந்து ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன இந்தியர்களைப் பார்த்துத்தான் அங்கே சடை வளர்க்கும் பழக்கம் வந்தது என்று சொல்லும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. தாத்தா அதற்கும் மசியவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

மருதாணி போடலாம். ஆனால் உங்கள் தலைக்குப் போடுகிற மாதிரி அவனுக்குப் போடக் கூடாது. நம் வீடுகளில் மருதாணிப் பொடியோடு முட்டை வெள்ளை, தயிர், காபி டிகாஷன், விளக்கெண்ணெய் என்று கைக்கு எட்டியதையெல்லாம் சேர்த்துக் குழைப்போம். நம் முடியில் சீப்பு ஓடும், தண்ணீர் ஓடும், அலசினால் போய்விடும். சடை அப்படியல்ல. கயிறு மாதிரி இறுகிய முடி. உள்ளே போனது அங்கேயே தங்கும். முட்டையும் தயிரும் உள்ளே காய்ந்து நாறினால் எந்த ஷாம்பூவாலும் எடுக்க முடியாது, கத்தரிக்கோல்தான் வழி. வேலியில் பறித்து அரைத்த பச்சை மருதாணியும் வேண்டாம். இலைத் திப்பி உள்ளே சிக்கிக்கொண்டு மாதக்கணக்கில் தலையணையில் உதிரும்.

நைசாகச் சலித்த, வேறெதுவும் கலக்காத மருதாணிப் பொடி வாங்குங்கள். ராஜஸ்தானில் சோஜத் பக்கம் விளைவதற்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ராத்திரியே வெதுவெதுப்பான டீத்தண்ணீரில் அரை மூடி எலுமிச்சை பிழிந்து, பொடியைப் போட்டு மோர் பதத்தில் கரைத்து மூடி வைத்துவிடுங்கள். மருதாணியில் இருக்கும் 'லாசோன்' என்கிற சாயம் இப்படி லேசான புளிப்பில் ஊறும்போதுதான் வெளியே வரும். முடியில் இருக்கும் கெரட்டின் புரதத்தோடு ஒட்டுவதும் அதுதான். காலையில் பழைய வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். திப்பியைக் கொட்டிவிட்டு அந்தச் சாற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சடையையும் அதில் முக்கி, வேர்ப்பகுதிக்குப் பிரஷ்ஷால் தடவி, பிளாஸ்டிக் கவர் போட்டு மூன்று மணி நேரம் விடலாம். களியாகக் குழைத்துப் போடுகிற அளவுக்குக் கலர் பிடிக்காது என்பது உண்மைதான். பதினைந்து நாள் விட்டு இன்னொரு முறை போட்டுக்கொள்ளலாம்.

கலர் என்றதும் ஒரு விஷயம். மருதாணி கறுப்பை வெளுக்காது, மேலே சிவப்பைத்தான் ஏற்றும். கருகருவென்று இருக்கும் இருபத்தைந்து வயதுத் தலையில், வெயிலில் நிற்கும்போது செம்பு மாதிரி மினுங்கும், அவ்வளவுதான். செம்பட்டை முடியாக இருந்தால் நன்றாகத் தெரியும். படத்தில் பார்த்த சிவப்பு வேண்டும் என்று பையன் நினைத்திருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஏனென்றால் ஏறிய மருதாணி இறங்காது. நாலு வருஷ வளர்ப்பு, பிடிக்கவில்லை என்று திருப்பி எடுக்க வழியில்லை. உலோக உப்பு கலந்த மட்டமான பொடியாக இருந்து, பின்னால் அதன் மேல் பிளீச் பட்டால் சூடேறி முடி பொசுங்கிப்போவதும் உண்டு.

நான் உண்மையில் பயப்படுவது 'கருப்பு மருதாணி' பாக்கெட்டுக்குத்தான். மருதாணிக்குக் கறுப்பு நிறம் கிடையாது. அரை மணி நேரத்தில் கறுக்கிறது என்றால் அதில் பெரும்பாலும் பிபிடி என்கிற பாரா ஃபினைலின் டைஅமின் இருக்கும். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுங்கள். சிலருக்கு இது தலை அரிப்பு, கண் இமை வீக்கம், முகமே ஊதிப்போவது என்று கொண்டுபோய்விடும். மூச்சு திணறினால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிதான். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுசுக்கும் அது விடாது. நமக்கு வந்தால் உடனே தலையை அலசிவிடலாம். சடைக்குள் ஊறியதை அப்படி அலசித் தள்ள முடியாது என்பதை யோசியுங்கள். கறுப்புதான் வேண்டுமென்றால் மருதாணிக்குப் பிறகு அவுரிப் பொடி இருக்கிறது. அதையும் வடிகட்டித்தான் போட வேண்டும்.

கழுவுவதற்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிற நாளாகப் பாருங்கள். போர் தண்ணீரின் உப்பு சடையில் படிந்தால் சொரசொரப்பு போகாது. பக்கெட்டில் முக்கி, அமுக்கிப் பிழிந்து, தண்ணீரை மாற்றி, தெளிந்து வரும்வரை அலசச் சொல்லுங்கள். அவனே செய்யட்டும், உங்கள் இடுப்பு தாங்காது. இரண்டு நாளைக்கு ஷாம்பூ, எண்ணெய் வேண்டாம். முதல் நாள் ஆரஞ்சாகத் தெரிந்து பிறகுதான் நிறம் ஆழமாகும்.

ஈரத்தோடு மட்டும் படுக்க விடாதீர்கள். சடையின் நடுவில் ஈரம் நின்றால் பூஞ்சை பிடித்து, மழைக்கால மிதியடி வாடை வரும். வெள்ளென ஆரம்பித்தால்தான் பொழுதோட காயும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், டிரையர் தேவைப்படாது.

வீட்டில் வயதான பெண்களுக்குத் தானாகச் சடை விழுந்து, 'அம்மன் வந்திருக்கு' என்று தொடாமல் விட்டிருப்பார்கள். அதன் மேல் மருதாணி போடாதீர்கள். சீப்புப் படாத முடி திரிந்து, அடியில் புண்ணும் பேனும் இருக்கலாம். தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் மகனுக்கு இப்போதே செய்ய வேண்டியது இதுதான். கரைசலில் ஒரு சொட்டு முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பாருங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் பிடரியில், வெளியே தெரியாத ஒரே ஒரு சடைக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றாம் நாள் அதை வெயிலில் நின்று அவனே பார்த்துச் சொல்லட்டும். கல்யாணம் ஆவணியில்தானே, நாள் இருக்கிறது.