ரப்பர் ஸ்டாம்ப்பும் எங்க முதுகும்

“குடியரசுத் தலைவர் வெறும் ரப்பர் ஸ்டாம்ப். அவரைப் பத்தி நமக்கென்ன பேச்சு?” என்று ஒரு மாணவத் தோழர் கேட்கிறார். எனக்கு நிறையப் பேச்சு இருக்கிறது. நான் வேளாங்கண்ணிக்காரன், தலித் கிறித்தவன். அந்த ஸ்டாம்ப் 1950 ஆகஸ்ட் 10 அன்று எங்க முதுகில் குத்தப்பட்டது. இன்னும் அழியவில்லை.

அன்று ராஜேந்திர பிரசாத் காலத்தில் வந்த ஆணைக்குப் பெயரே குடியரசுத் தலைவர் ஆணை. யார் யார் பட்டியல் சாதி என்று சொல்லும் ஆணை. இந்து அல்லாதவர் எவரும் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்றது அதன் மூன்றாம் பத்தி. குடியரசு பிறந்து ஏழு மாசம்கூட ஆகவில்லை. பிறகு 1956ல் சீக்கியருக்கும் 1990ல் பவுத்தருக்கும் கதவு திறந்தது (வயிற்றெரிச்சல் இல்லை, நியாயம்தான்). கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் இன்றுவரை இல்லை.

ஒரே தெரு, ஒரே வயல், ஒரே சேறு. அண்ணன் எஸ்.சி., ஞானஸ்நானம் வாங்கிய தம்பி பி.சி. கோயில்ல ஒரு பேரு, சர்டிபிகேட்ல ஒரு பேருன்னு அலையுற சனம் எங்க சனம். நாகப்பட்டினம் நாடாளுமன்றத் தொகுதி தனித்தொகுதி. நாங்க ஓட்டுப் போடலாம், நிற்க முடியாது. 1989ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. அடிபட்டவன் கிறித்தவன் என்றால் அதுவும் கிடையாது. அடிக்க வர்றவன் மட்டும் ஞானஸ்நான சர்டிபிகேட் பார்க்கிறதில்லே. கோயிலுக்குள்ளே மட்டும் விடுதலை கிடைச்சிடுச்சா? திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஆயர் பேரவையே 2016ல் கொள்கை அறிக்கை போட்டு ஒப்புக்கொண்டது. கல்லறையில் குறுக்குச் சுவர் பார்த்தவனுக்கு அறிக்கை எதுக்கு?

ஸ்டாம்ப் தானாகக் குத்தாது, அமைச்சரவை சொன்னால்தான் குத்தும் என்பார்கள். சரி. 1996 தேர்தலுக்கு முன், தலித் கிறித்தவருக்கு இடஒதுக்கீடு தர நரசிம்மராவ் அரசு ஒரு அவசரச் சட்டத்தை அனுப்பியது. ஓட்டுக்காகத்தான், தெரியும். சங்கர் தயாள் சர்மா கையெழுத்துப் போடாமல் திருப்பினார். தேர்தல் நெருங்கிவிட்டதாம். எங்களை வெளியே தள்ள அந்தப் பேனாவில் மை இருந்தது. உள்ளே விட வேண்டிய நாளில் அதே பேனாவுக்கு மனச்சாட்சி வந்துவிட்டது.

ராஷ்டிரபதி பவன் வைசிராய்க்காகக் கட்டின மாளிகை, 340 அறை. போதாதென்று சிம்லா பக்கம் மஷோப்ராவில் ஒன்று, ஐதராபாத் பொலாரத்தில் ஒன்று. அங்கெல்லாம் ரெண்டு தலித்துகள் குடியிருந்துவிட்டார்கள். 1997ல் போன கே.ஆர். நாராயணன் ஸ்டாம்ப்பாக இருக்க மறுத்தவர். உ.பி., பீகார் ஆட்சிகளைக் கலைக்கச் சொன்ன பரிந்துரைகளைத் திருப்பி அனுப்பினார். நீதிபதி நியமனக் கோப்பில் தலித்துகளை நினைவூட்டி எழுதினார். 2017ல் போன ராம்நாத் கோவிந்த் வேற. மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்ன ரங்கநாத் மிஸ்ரா ஆணையத்தை 2010ல் பா.ஜ.க. செய்தித் தொடர்பாளராக எதிர்த்தவர். கிறித்தவமும் இசுலாமும் இந்த நாட்டுக்கு அந்நியம் என்று அப்போது அவர் சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. “உங்க ஆளுதானே உட்கார்ந்தாரு” என்று எவனாவது சொன்னால், எந்த ஆளு என்று திருப்பிக் கேளுங்கள் தோழர்களே.

நாராயணனே நினைத்திருந்தாலும் அந்தப் பத்தியை அடித்திருக்க முடியாது என்பதுதான் கொடுமை. 341ஆம் பிரிவுப்படி முதல் பட்டியல் போடுவது குடியரசுத் தலைவர், அதை மாற்றுவது நாடாளுமன்றம் மட்டும். ஒரு வரிச் சட்டம் போதும். உச்சநீதிமன்றத்தில் 2004ல் வழக்குப் போட்டாச்சு. 2007ல் மிஸ்ரா அறிக்கை கொடுத்தாச்சு. 2022ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மறுபடியும் ஓர் ஆணையம். இன்னும் எத்தனை பேர் வந்து எங்களை அளந்து பார்ப்பார்கள்?

ஆகஸ்ட் 10 எங்களுக்குக் கறுப்பு நாள். ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணிக் கொடியேற்றம். நடந்தே வருகிற அத்தனை சனத்தின் கையிலும் மூன்றாம் பத்தியைப் பற்றி ஒரு துண்டறிக்கை போய்ச் சேரணும். மாணவர்கள் வருவீர்களா? வண்டிச் சத்தம் நாங்க பார்த்துக்கிறோம். படுக்கப் பாயும் கஞ்சியும் உண்டு.