அந்தக் கதைகளில் வரும் ஆண்கள் யார்?

கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்கின் ‘ஹார்ட் லாம்ப்’ தொகுப்பு 2025 மே மாதம் சர்வதேச புக்கர் பரிசைப் பெற்றது. தீபா பாஸ்தி ஆங்கிலத்தில் பெயர்த்த 12 கதைகள் கொண்ட அந்நூல், முஸ்லிம் பெண்களின் வாழ்வைப் பேசுகிறது. அத்திப்பள்ளியைக் கடந்தால் கர்நாடகம் என்னும் எல்லையில் வாழும் ஓசூர், கிருஷ்ணகிரி முஸ்லிம்களாகிய நமக்கு அம்மக்கள் அயலார் அல்லர். அங்கே பெண் கொடுத்திருக்கிறோம். அங்கிருந்து பெண் எடுத்திருக்கிறோம்.

ஆயினும் நம்மவர் சிலர் ஒரு குறை கூறுகின்றனர்: “இக்கதைகளின் ஆண்கள் எல்லாரும் கொடியவர்கள், இது சமுதாயத்தை இழிவுபடுத்தும் எழுத்து.” இக்குற்றச்சாட்டை நாம் மறுக்கிறோம். கதைகளைப் படித்தவர்கள் அவ்வாறு சொல்ல இயலாது.

தொகுப்புக்குப் பெயர் தந்த கதையை எடுத்துக்கொள்வோம். கணவன் வேறொரு பெண்ணை நாடிச் சென்றதால் மெஹருன் தாய்வீடு திரும்புகிறாள். உடன்பிறந்தவர்கள் குடும்ப மானத்தைக் காரணம் காட்டி, அவளை மீண்டும் அதே வீட்டில் கொண்டுபோய் விடுகின்றனர். தீயிட்டு உயிரை மாய்த்துக்கொள்ளத் துணியும் அவளை, பெற்ற மகளே தடுத்து நிறுத்துகிறாள். அந்தச் சகோதரர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியுமா? ஊரில் மதிப்புள்ள குடும்பத்தின் பிள்ளைகள் அவர்கள். நம் வீடுகளில் காணும் மனிதர்கள்தாம்.

‘கரிய நாகங்கள்’ என்னும் பொருள்படும் கதையில், பெண் குழந்தைகளைப் பெற்றதற்காகக் கைவிடப்பட்ட ஒருத்தி, நோயுற்ற குழந்தையுடன் பள்ளிவாசலில் நீதி கேட்டு வந்து நிற்கிறாள். முத்தவல்லி அவள் வழக்கைத் தட்டிக் கழிக்கிறார். குழந்தை இறந்துபோகிறது. இக்கதையையே கிரீஷ் காசரவள்ளி 2004இல் ‘ஹசீனா’ என்று திரைப்படமாக்கினார். மற்றொரு கதையில், மனைவிக்காக மஹால் எழுப்புவதாக ஓயாமல் காதல் பேசும் கணவன், அவள் இறந்த சில வாரங்களிலேயே மறுமணம் செய்துகொள்கிறான்.

ஒருவர் தட்டிக் கழிக்கிறார். ஒருவர் இனிக்கப் பேசுகிறார். ஒருவர் மானம் காக்கிறார். இவர்கள் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்லர். தமக்கு இழப்பு நேராதவரை நல்லவர்களாக இருப்பது ஒன்றே இவர்களுக்குப் பொதுவானது. நம்மை உறுத்துவதும் அதுதான்.

இவர்களை மார்க்கத்தின் அளவுகோலால் அளந்து பார்ப்போம். மனைவி மக்களின் பராமரிப்புச் செலவு கணவனின் கடமை. பெண் மகவைக் கண்டு முகம் கறுப்பவர்களைத் திருக்குர்ஆன் கண்டிக்கிறது. நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாயினும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் கட்டளையிடுகிறது. ஆகவே கதையில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது, மார்க்கத்தை மீறிய ஆண்களே. இக்கதைகளைக் காட்டி இஸ்லாத்தைப் பழிப்போரும், இஸ்லாத்தைக் காப்பதாக எண்ணி இக்கதைகளைப் பழிப்போரும் ஒரே பிழையைச் செய்கின்றனர்: அந்த ஆண்களையே மார்க்கம் என்று கொள்கின்றனர்.

எழுதியவரின் வாழ்விலும் இரு வகை ஆண்கள் இருந்தனர். பெண்கள் பள்ளிவாசலில் தொழும் உரிமைக்காகப் பேசியதற்காக 2000ஆம் ஆண்டில் அவர் குடும்பம் மூன்று மாதம் ஊர்விலக்குக்கு உள்ளானது. ஒருவர் கத்தியுடன் அவரைத் தாக்க வந்தார். அவரை மடக்கித் தடுத்தவர் பானுவின் கணவர். நம் ஆண்கள் எவ்வகையில் சேர விரும்புகின்றனர் என்பதே கேள்வி.

இக்கேள்வி நம் தொழிற்பேட்டைகளுக்கும் உரியது. ஓசூரைச் சுற்றியுள்ள ஆலைகளில் நம் பெண்கள் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்குகின்றனர். கணவன் பெங்களூரிலும் மனைவி கிருஷ்ணகிரியிலுமாகப் பிரிந்துவிட்டால், வழக்கு அங்குள்ள ஜமாஅத்துக்கு உரியதா, இங்குள்ளதற்கா என்று இழுபடுகிறது. அவள் கூற வேண்டியதை அண்ணனோ மாமாவோ கூறுகிறார். இரண்டு ஜமாஅத்துகளும் நல்லவர்களால் நிறைந்தவை. அவளுக்கு மட்டும் தீர்ப்பு வருவதில்லை. அந்த முத்தவல்லியின் கதை இங்கேயும் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் கேட்பவை இவை: முறையிட வரும் பெண்ணின் சொல்லை அவள் வாயாலேயே கேளுங்கள். மஹர், பராமரிப்புச் செலவு, குழந்தைகளின் பொறுப்பு ஆகியவற்றை எழுத்தில் பதியுங்கள். விசாரணைக்கு நாள் குறித்து, அந்நாளில் முடியுங்கள். எல்லைக்கு அப்பாலுள்ள ஜமாஅத்துடன் நீங்களே பேசுங்கள், அவளை அலையவிடாதீர்கள்.

கதையில் நல்ல ஆண்கள் இல்லையே என்று வருந்துவோர், அத்தகைய ஒருவராக வாழ்ந்து காட்டட்டும். எழுதுபவர் எழுதாவிட்டாலும், எழுதிக்கொள்ளும் வானவர்கள் நம் தோள்களில் இருக்கின்றனர். நீதியின் பக்கம் நிற்போராக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக.