சேத்துப்பட்டு கேட்ட கேள்வி

டில்லியிலிருந்து வரும் அறிக்கைகளில் அண்மைக் காலமாக ஒரு சொல் அடிக்கடி தலைகாட்டுகிறது. 'துல்லிய மருத்துவம்' என்பது அந்தச் சொல். ஒரே நோய் பத்துப் பேருக்கு வந்தாலும் பத்துப் பேருடைய உடலும் ஒன்றல்ல. ஆகவே அவரவர் உடலின் இயல்பறிந்து, மரபணுவின் அமைப்பறிந்து, அவரவர்க்கு ஏற்ற மருந்தை ஏற்ற அளவில் தரவேண்டும் என்பது அதன் பொருள். நல்ல கருத்து. மறுப்பாரில்லை, நாமும் மறுக்கவில்லை. 2020-ல் தொடங்கிய 'ஜீனோம் இந்தியா' திட்டத்தில் 83 மக்கட்பிரிவுகளிலிருந்து சுமார் 10,000 பேருடைய மரபணுத் தொகுதியைப் படித்தறிந்தார்கள். 2025 ஜனவரியில் அந்த விவரங்கள் ஆராய்ச்சியாளருக்குத் திறந்துவிடப்பட்டன. அதையும் வரவேற்கிறோம்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். யாருடைய நோய்க்கு இந்தத் துல்லியம்? எவருடைய கேள்விக்கு விடை தேட இந்த ஆராய்ச்சி? மேடையில் பேசுவோர் இதைச் சொல்வதில்லை. அமெரிக்காவைக் காட்டுகிறார்கள், இங்கிலாந்தைக் காட்டுகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? சென்னை சேத்துப்பட்டுக்கு வந்து பார்க்கட்டும். துல்லிய மருத்துவம் என்ற பெயர் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே அந்தக் காரியத்தைச் செய்துகாட்டிய இடம் அது.

1956-ல் அங்கே ஒரு காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை ராஜ்ய சர்க்கார், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் முதலில் பொறுப்பேற்றார். இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் பெற்றிருப்பது அதுவே.

அன்றைய நிலைமை என்ன? காசம் என்றாலே சானடோரியம். ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை, இறைச்சி, மாதக்கணக்கில் படுக்கை. இது மருத்துவ உலகின் வேதவாக்கு. இந்த நாட்டிலோ படுக்கைகள் ஆயிரக்கணக்கில், நோயாளிகள் இலட்சக்கணக்கில்! படுக்கை கிடைத்தவன் பிழைத்தான். கிடைக்காதவன் இருமி இருமி மாண்டான். அப்படியே படுக்கை கிடைத்தாலும், கைவண்டி இழுப்பவன் ஓராண்டு படுத்துக் கிடந்தால் அவன் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி?

ஆகவே சேத்துப்பட்டு நிலையம் கேட்ட முதற் கேள்வி, மேனாட்டு மருத்துவக் கல்லூரி எதுவும் கேட்டிருக்க முடியாத கேள்வி. காற்றோட்டமில்லாத ஓர் அறையில் குடும்பத்தோடு நெருக்கியடித்து வாழும் ஏழை, வீட்டிலிருந்தபடியே மாத்திரை தின்று குணமாக முடியுமா? அவனால் அவன் பிள்ளைகளுக்கு நோய் கூடுதலாகத் தொற்றுமா?

193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு சானடோரியத்திற்குப் போயிற்று. மற்றது வீட்டிலேயே இருந்தது. இரண்டு பிரிவினருக்கும் ஒரே மருந்து: ஐ.என்.ஹெச். எனப்படும் ஐசோநியாசிடும், பி.ஏ.எஸ். என்ற மருந்தும், ஓராண்டுக்கு. வீட்டிலிருந்தவர்களுக்கு ஓய்வு குறைவு, உணவு மிகக் குறைவு. மருந்தை உண்மையில் தின்கிறார்களா என்று பார்க்க நிலையத்தார் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே போனார்கள், மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமானார்கள். சானடோரியம் சென்றவர்களின் குடும்பங்களைவிட அவர்களுடைய குடும்பங்களில் நோய் அதிகமாகப் பரவவுமில்லை.

உலகம் தலைகீழாகத் திரும்பியது என்றால் மிகையல்ல. பணக்கார நாடுகள்கூடச் சானடோரியங்களைச் சிறிது சிறிதாக மூடியதற்குச் சென்னையின் இந்த ஆய்வும் ஒரு காரணம். தாம்பரத்துக்குப் பக்கத்து ரயில் நிலையத்தின் பெயரில் சானடோரியம் இன்றும் இருக்கிறது. ஆனால் நோயாளி என்பதற்காக ஒருவன் ஓராண்டு அங்கே படுத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆராய்ச்சி என்றால் இது ஆராய்ச்சி. எவர் உடலில் சோதித்தார்களோ, பயனும் முதலில் அவருக்கே போய்ச் சேர்ந்தது.

இனித் துல்லியத்துக்கு வருவோம்.

ஐ.என்.ஹெச். மாத்திரையை எல்லாருடைய உடலும் ஒன்றுபோல் நடத்துவதில்லை. சிலருடைய கல்லீரல் அதை விரைந்து மாற்றி வெளியேற்றிவிடுகிறது; சிலருக்கு அது மெதுவாகவே கழிகிறது. பெற்றோரிடமிருந்து வந்த மரபணுவின் வேலை இது. தென்னிந்தியரில் ஏறத்தாழ ஐவருக்கு மூவர் மெதுவாகக் கழிப்பவர்கள். விரைந்து கழிப்பவருக்கு மருந்து போதாமற் போகலாம். மெதுவாகக் கழிப்பவருக்கோ, அளவு கூடினால் கைகால் மரத்துப்போய் நரம்பு எரியும். சேத்துப்பட்டு ஆராய்ச்சியாளர்கள் தங்கள் நோயாளிகளில் யார் எந்த வகை என்று சோதித்து வகை பிரித்தார்கள். எந்தக் காலத்தில்? மரபணுவைப் படிக்கும் இயந்திரம் எதுவும் இல்லாத காலத்தில்!

அவர்கள் கண்டது என்ன? வாரம் ஒரு முறை மட்டும் மருந்து தந்தால், விரைந்து கழிப்பவர்கள் பின்தங்கிவிடுகிறார்கள். வாரம் இரு முறை தந்தால் இரு வகையாரும் தேறுகிறார்கள். நரம்புக் கோளாறையும், பி-6 என்ற மலிவான உயிர்ச்சத்தைச் சிறு அளவில் சேர்த்தே தடுத்துவிடலாம்.

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். ஆளுக்கொரு சோதனை, ஆளுக்கொரு விலை என்று அவர்கள் போகவில்லை. மரபணு வேற்றுமையைக் கண்டுபிடித்தார்கள்; கண்டபின், அந்த வேற்றுமை எவனையும் கைவிடாதபடி எல்லாருக்கும் பொதுவான மருந்து முறை ஒன்றை அமைத்தார்கள். நோயாளி தன் மரபணு என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே எழவில்லை. மருந்தை மருத்துவ ஊழியரின் கண்முன் தின்னச் செய்யும் முறையும் அங்கே வளர்ந்தது; 1990-களில் உலக சுகாதார நிறுவனம் நாடு நாடாகக் கொண்டுசென்ற திட்டத்தின் வேர்களில் ஒன்று அதுதான்.

மரபணு ஆராய்ச்சியே வேண்டாம் என்று நாம் சொல்வதாக எவரும் திரித்துவிட வேண்டாம். வேண்டும், மிக வேண்டும். உலகில் இதுவரை சேர்ந்திருக்கும் மரபணு விவரங்களில் பெரும் பங்கு ஐரோப்பிய வழியினருடையது. நம் மக்களின் உடலைப் பற்றி அவை சொல்வது கொஞ்சம். தென்னாட்டு வணிகச் சமூகம் ஒன்றில், அறுவைச் சிகிச்சைக்கு மயக்கம் தரும்போது தசை தளரப் போடும் ஒரு மருந்து, சில நிமிடங்களில் தெளிய வேண்டியது, மணிக்கணக்கில் தெளியாமற் போவதுண்டு. அம்மருந்தைச் சிதைக்கும் நொதி அவர்களிற் சிலருக்கு இல்லை. காரணம்? தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணம் முடித்து வந்தது. சாதி, மனத்திலே மட்டும் சுவர் எழுப்பவில்லை, மரபணுவிலேயும் எழுதிவைத்திருக்கிறது. இப்படிப்பட்டவற்றை நம் நாட்டு ஆராய்ச்சியே கண்டுசொல்ல வேண்டும்.

கண்டுசொன்ன பிறகு மருந்து யார் கையில் இருக்கும் என்பது அடுத்த பிரச்னை. அதற்கும் சென்னையிலேயே சாட்சி உண்டு. ஒரு வகை இரத்தப் புற்றுநோய்க்கு இமாடினிப் என்ற மருந்து 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உடலின் இரண்டு குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டிக்கொள்வதால் பிறக்கும் ஒரு புரதத்தை மட்டும் குறிபார்த்து அடக்கும் மருந்து; துல்லிய மருத்துவத்தின் பெரும் வெற்றிகளுள் ஒன்று. நோவார்ட்டிஸ் கம்பெனியின் விலை மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகள் செய்த அதே மருந்து மாதம் சுமார் 10,000 ரூபாய்க்குள். காப்புரிமை கேட்ட விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் தள்ளியது. சட்டத்தின் 3(டி) பிரிவே செல்லாது என்று கம்பெனி வழக்காடியது. 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றமும் கம்பெனியின் காப்புரிமைக் கோரிக்கையை நிராகரித்தது. அந்தப் பிரிவு சட்டத்தில் இல்லாதிருந்தால் அந்தத் துல்லியம் எத்தனை வீட்டுக்கு எட்டியிருக்கும்?

அதே 2013-ல் வேறொரு வழக்கில், மருந்துக் கம்பெனிகள் நம் நாட்டு ஏழைகள்மேல் நடத்தும் சோதனைகளை முறைப்படுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. புதிய விதிகள் வர 2019 ஆயிற்று. சோதனைக்கு உடல் கொடுப்பவன் ஒருவன், கேள்வியை எழுதுபவன் வேறொருவன் என்று ஆகிவிட்டால் நடப்பது அதுதான்.

மறுபடி காசநோய்க்கே வருகிறோம், ஏனென்றால் கணக்கு அங்கேதான் தீரவில்லை. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் இந்தியர். 2025-க்குள் ஒழித்துவிடுவோம் என்று 2018-ல் டில்லி முழங்கியது. ஆண்டு போய்விட்டது, நோய் போகவில்லை.

1959-ன் முடிவை அதிகாரிகள் வசதியாக ஒருவிதமாகப் படித்துக்கொண்டார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. குறைந்த உணவிலும் மருந்து குணப்படுத்தும் என்று சேத்துப்பட்டு சொன்னது. உணவைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வேறுபாட்டை எடுத்துக்காட்ட அதே நிறுவனமே மறுபடியும் வரவேண்டியிருந்தது. மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் அந்நிறுவனத்தோடு சேர்ந்து, 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2,800 நோயாளிகள்; அவர்கள் வீடுகளில் உடனிருந்தோர் 10,345 பேர். நோயாளிகள் எல்லாருக்கும் உணவுப் பொட்டலம் தரப்பட்டது. ஒரு பிரிவில் மட்டும் வீட்டாருக்கும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, அவற்றோடு சத்து மாத்திரை.

2023 ஆகஸ்டில் முடிவு வந்தது. அரிசியும் பருப்பும் பெற்ற வீட்டாரிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தொற்றும் தன்மையுள்ள நுரையீரல் காசம் 48 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில் முதல் இரு மாதத்துக்குள் 5 சதவீதம் எடை கூடியவர்களுக்கு இறக்கும் அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. இதுவும் ஒரு மருந்துதான். நியாய விலைக் கடையில் மூட்டையில் இருக்கிறது என்பது மட்டுமே வேற்றுமை.

தராசும் ஒரு துல்லியக் கருவியே. தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' அதைத்தான் செய்கிறது. நோய் கண்டவுடன் எடை, உயரம், மூச்சு வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், பிடிமானமின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். இவற்றில் தேறாதவரைக் கடும் நோயாளியெனப் பிரித்து, காலம் தாழ்த்தாமல் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். ஆளுக்கு ஏற்ற மருத்துவம் இதில் இல்லையா? ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் சில நிமிடங்களில் செய்துமுடிக்கும் துல்லியம் இது.

டில்லி என்ன செய்தது? 'நிக்சய் போஷண் யோஜனா' என்று ஒன்று உண்டு. பெயர் புரியாதவர்களுக்காகச் சொல்கிறோம்: காசநோயாளியின் உணவுக்கான உதவித்தொகை. 2018-லிருந்து மாதம் 500 ரூபாய். 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். உயர்த்தியது நல்லதே. ஆனால் இது நோயாளிக்கு. உடனிருக்கும் மனைவி மக்களுக்கு? அவர்களுக்கான உணவுப் பொட்டலம், மனமுவந்து முன்வரும் கொடையாளர்கள் தரும் பொறுப்பாக விடப்பட்டிருக்கிறது. கொடையாளர் கிடைத்த வீட்டுக்கு உண்டு, கிடைக்காத வீட்டுக்கு இல்லை. ஜார்க்கண்டு ஆய்வில் வீட்டாருக்கு ஆன செலவு தலைக்கு மாதம் சுமார் 4 டாலர். அந்நாளைய மதிப்பில் ஏறத்தாழ 300 ரூபாய்.

10,000 பேருடைய மரபணுவைப் படிக்கக் கொடையாளரைத் தேடவில்லை, தேடியிருக்கவும் கூடாது. ஐ.என்.ஹெச். மாத்திரையை வாங்கித் தர எந்தப் புண்ணியவானையும் எதிர்பார்ப்பதில்லை. அதே முறைப்படி, அதே நிறுவனத்தின் பங்கோடு மெய்ப்பிக்கப்பட்ட ஒன்றரைக் கிலோ பருப்புக்கு மட்டும் ஏன்? வருகிற வரவு செலவுத் திட்டத்தில், மருந்துக்கான தலைப்பின் கீழ் இதற்கு ஒரு வரி ஒதுக்குகிறார்களா என்று பார்ப்போம்.